ரஞ்சனின் டீம்

ஈசூனில் எம்ஆர்டி ரயில் ஏறியதிலிருந்து ரஞ்சன் உட்காரவில்லை. இடம் காலியாக இருந்தும் கதவோரம் நின்றுகொண்டே வர்ஷாவுக்குப் போன் போட்டான்.

"வர்ஷா, இன்னிக்கு பாஸ்கிட்ட பேசப் போறேன். நீயும் வரணும்."

"சார், நான் எதுக்கு..."

"நீதானே சாட்சி? என்கிட்ட நல்லா வேலை கத்துக்கிட்டு இருந்தே. உன்னைப் பிடுங்கி வேற டீம்ல போட்டுட்டாங்க. அதைச் சொன்னாப் போதும்."

"இல்ல சார், அது வந்து..."

"பயப்படாத லா. பேசுறதெல்லாம் நான் பேசிக்கிறேன்."

போனை வைத்துவிட்டான்.

தேக்காவில் இருக்கும் அந்த ஆடிட் ஆபீஸில் ரஞ்சன் சீனியர் மேனேஜர். முன்பெல்லாம் எந்த வேலைக்கு எந்த ஆள் என்று மேனேஜர்களே முடிவு செய்வார்கள். ஜைனப் வந்த பிறகு எல்லாம் மாறிப்போனது. ஆப்பரேஷன்ஸ் ஹெட்டாம். லீவு, ஷெட்யூல், புது சாஃப்ட்வேர், எந்த கிளையன்ட்டை எடுப்பது, யார் யாருடன் வேலை பார்ப்பது, எல்லாம் அவள் கையில். இத்தனைக்கும் கணக்குப் படித்தவள் இல்லை. ஒரு ஹோட்டலில் ஊழியர்களுக்கு ஷிஃப்ட் போட்டுக்கொண்டிருந்தவள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் அவன் டீமில் கை வைத்தாள். முதலில் சரத்தை எடுத்தாள். அப்புறம் அனிதாவை. போன வாரம் வர்ஷாவை. கேட்டால் ஒரே பதில்தான்: "ஆபீஸ் தேவை ரஞ்சன். என் முடிவு."

சொந்தத் தம்பி தங்கைகளைப் போலத்தான் அவர்களை வைத்திருந்தான். ஒரு பேப்பரில்கூடத் தப்பு வர விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் கூப்பிட்டுத் திருத்தம் சொல்லிக் கொடுப்பான். இந்தக் காலத்தில் யார் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்?

ஆபீஸ் வாசலிலேயே ஜைனப் எதிரே வந்தாள்.

"ரஞ்சன், உங்க டீம் சின்னதாயிடுச்சுல்ல? அந்த ஜூரோங் கம்பெனி ஆடிட்டை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சுட்டேன். கிளையன்ட்கிட்ட நானே பேசிட்டேன். கொஞ்சம் மூச்சு விடுங்க."

ஆளை எடுத்தது போதாதென்று வேலையிலும் கை வைக்கிறாளா? நேராக முதலாளி ராமலிங்கத்தின் அறைக்குள் நுழைந்தான். பின்னாலேயே வர்ஷா தயங்கித் தயங்கி வந்தாள்.

"உட்காருங்க ரஞ்சன்."

"பரவால்ல சார். ஒண்ணு, ஷெட்யூலை என்கிட்டயே விடுங்க. இல்லன்னா என்னை விட்டுடுங்க."

ராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஜைனப்பை வரச் சொன்னார்.

"ஜைனப், ஏன் ரஞ்சனோட ஆளுங்களையே எடுக்கறீங்க? மத்த டீம்ல யாரையும் தொடலையே?"

ஜைனப்பின் பார்வை வர்ஷா பக்கம் போய்த் திரும்பியது. "ஆபீஸ் தேவைக்குத்தான் சார்."

"அதான் என்ன தேவைன்னு கேக்கறேன்."

"நான் போட்ட ஷெட்யூல் சரியில்லன்னு வச்சுக்குங்க சார்" என்றாள்.

"பாத்தீங்களா சார், அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்றான் ரஞ்சன்.

ராமலிங்கம் பெருமூச்சு விட்டார். "கணக்கு ஆபீஸுக்கு ஆப்பரேஷன்ஸ் ஆளு எதுக்குன்னு மத்த பார்ட்னருங்க அப்பவே கேட்டாங்க. இப்பல்லாம் பெரிய ஆபீஸ்ல இப்படித்தான் லா, ஆபீஸை நடத்த ஒரு ஆள் வேணும்னு நான்தான் வாதாடினேன். அடுத்த மாசத்துலேருந்து உங்களைப் பார்ட்னர் மீட்டிங்ல உட்கார வைக்கலாம்னு இருந்தேன் ஜைனப். அது இப்போதைக்கு வேணாம். ஷெட்யூலை மேனேஜருங்களே பாத்துக்கட்டும். வர்ஷா, நாளையிலேருந்து நீ ரஞ்சன் டீம்."

"சரி சார்" என்றாள் ஜைனப்.

ரஞ்சன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காலையிலிருந்து அவன் உட்காருவது இதுதான் முதல்முறை.

"அப்ப நான் வேலையை விட்டுடறேன் சார்" என்றாள் வர்ஷா.

ராமலிங்கம் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"வர்ஷா, வேணாம்" என்றாள் ஜைனப் மெதுவாக.

ரஞ்சன் எழுந்துவிட்டான். "யாரு உன்னை மிரட்டினது? தைரியமாச் சொல்லு."

வர்ஷா அவனைப் பார்க்கவில்லை. ராமலிங்கத்தைப் பார்த்தே பேசினாள். "ஜைனப் அக்கா எங்களைப் பிடுங்கல சார். சரத், அனிதா, நான், எல்லாருமே தனித்தனியாப் போய் அவங்ககிட்ட அழுதோம். ஞாயித்துக்கிழமைகூட நிம்மதியில்ல, ரஞ்சன் சார்கிட்டேருந்து மாத்தி விடுங்க, இல்லன்னா வேலையை விட்டுப் போறோம்னு."

ரஞ்சன் ஜைனப் பக்கம் திரும்பினான். "நீங்க... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

வர்ஷாதான் பதில் சொன்னாள்.

"'அவரு உங்களுக்கு நல்லது செய்யறதா மனசார நெனச்சுக்கிட்டு இருக்காரு. உண்மை தெரிஞ்சா நொறுங்கிடுவாரு. கோவம் என் மேலயே இருக்கட்டும்'னு அக்கா சொல்லிட்டாங்க சார்."