ஒரு தலை குறைகிறது

நான்கு குழந்தைகள் வந்துவிட்டார்கள். இன்னும் ஒன்று வந்தாக வேண்டும்.

நர்ஸ் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். உள்ளே தட்டம்மைத் தடுப்பூசிக் குப்பி ஒன்று. பத்துப் பேருக்கான மருந்துத் தூள். கரைத்துவிட்டால் சாயங்காலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சம் சாக்கடைக்குத்தான்.

இரண்டு பிள்ளைகளுக்காக ஒரு குப்பியைத் திறந்துவிட்டு, கூட்டத்தில் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா? மேலதிகாரி அவளை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தினார்.

"மிச்ச மருந்த என்னம்மா பண்ணீங்க? செடிக்கு ஊத்தினீங்களா?"

அறையே சிரித்தது. ஐந்து பேர் சேராமல் குப்பியைத் தொடக்கூடாது என்றார். அன்றிலிருந்து ஐந்து என்பது அவளுக்கு வேதவாக்கு. இப்போது அவள் மையத்தில்தான் மருந்து சேதாரம் ஆகக் குறைவு. அதற்காக அதே அதிகாரி கை தட்டவும் செய்தார்.

ஆனால் பின்தெருவில் தட்டம்மை நடமாடுகிறது என்று காலையில்தான் காதில் விழுந்தது. அடுத்த முகாம் இனி அடுத்த மாதம். இந்த நாலையும் சும்மா திருப்பி அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

வெளியே புழுதிக் காற்று. ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். ஒரே பெஞ்சில் தாய்மார்கள் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களில் ஒரு தையல்காரிக்கு இது ஏழாம் மாதம். மூத்ததை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"என் வயித்துல ஒண்ணு இருக்கே சிஸ்டர், அதையும் சேத்துக்கோங்க. கணக்கு சரியாப் போச்சு!"

"அது மொதல்ல வெளிய வந்து வரிசையில நிக்கட்டும்" என்றாள் நர்ஸ். பெஞ்சே குலுங்கியது.

அப்போதுதான் கதவு திறந்தது.

மூச்சு வாங்க ஒருத்தி நின்றாள். தோளில் குழந்தை. அதைத் தலையோடு துணியால் போர்த்தியிருந்தாள்.

"வா தாயி, வா! உனக்குத்தான் தவம் கெடக்கோம்" என்று தையல்காரி அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

நர்ஸுக்குப் போன உயிர் திரும்பியது. குப்பியை உடைத்தாள், கரைத்தாள், ஊசியில் ஏற்றினாள். நான்கு பிள்ளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வீறிட்டன. ஒவ்வொரு அழுகைக்கும் அவள் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

"அடுத்து யாரு, நீதானம்மா? புள்ளையக் கொண்டா."

வந்தவள் அசையவில்லை.

நர்ஸே ஊசியோடு அருகில் போய்க் குனிந்து, துணியை விலக்கினாள்.

நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் செக்கச்செவேலென்று தடிப்பு. பீளை கட்டிய கண்கள் திறக்கவில்லை. குழந்தை இருமியது. தையல்காரியின் முகத்துக்கு நேராகவே இருமியது.

"ஊசிக்கு வரல சிஸ்டர். இதுக்கு மருந்து இருக்கான்னு கேக்க வந்தேன்" என்றாள் அந்தத் தாய். "ஊசிக்குப் போன மாசமே தூக்கிட்டு வந்தேன். நான் ஒருத்திதான் இருந்தேன். ஆளு சேரட்டும், அப்புறம் வான்னு அனுப்பிட்டீங்க."

அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்குச் சேந்துட்டாங்களா?"