கார் பாக்கப் போன பைப்பு

"பொய் சொல்லணும்னு எனக்கென்ன பாய் வேண்டுதலா? பைப்புதான்! நாலு கடை ஏறி எறங்கிட்டோம். நாலுலயும் இந்த பைப்பத்தான் வண்டிக்குள்ள விட்டுப் பாத்தாரு எங்க மாப்ள!"

கமலவேணி இப்பிடிச் சொன்னதும், ரெட்டியார்பாளையத்துல பழைய காரு விக்கிற பக்ருதீன் பாய் தலையச் சொறிஞ்சாரு.

"காரு வாங்க வர்றவங்க இஞ்சினப் பாப்பாங்க, டயர ஒதச்சிப் பாப்பாங்க. பைப்ப விட்டுப் பாப்பாங்கன்னா எப்பிடிம்மா நம்பறது?"

"நம்பாதீங்க. அதோ, நீங்களே பாருங்க."

மாப்ள செம்மல், ஆள் ஒசரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பைப்ப தோள்ல சாத்தினு, ஒவ்வொரு வண்டியா பின்கதவத் தெறந்து பாத்துனு இருந்தாரு.

கமலவேணி மக செந்தமிழ்ச்செல்வியக் கட்டினு வீட்டோட இருக்கற மாப்ள. சேதராப்பட்டுல கம்பெனி வேல. தெனம் ஸ்கூட்டர்ல போயி முதுகு போச்சு, அதுக்குத்தான் காரு. இன்னொண்ணு, அவருக்கு வானத்தப் பாக்கற பைத்தியம். கண்ணாடியெல்லாம் வாங்கி அவரே டெலஸ்கோப்பு செய்வாரு. சின்னதா செஞ்ச ஒண்ணுல ஒரு நா சாயங்காலம் மாமியாருக்கு நெலாவக் காட்டினாரு. அம்மாடி! வெள்ள வெளேர்னு, குழி குழியா, கைய நீட்டனா ஒட்டிக்கும் போல! கமலவேணி வாய மூடினு நின்னது அன்னிக்கு ஒரு நாதான். மறுநாள்லேந்து தெரு முழுக்க அந்த நெலாக் கததான்.

இப்ப பெருசா ஒண்ணு செய்யப் போறாராம். இந்த பைப்பு நீளத்துக்கு. அது படுத்தாப்ல உள்ள போற வண்டிதான் வேணுமாம்.

கமலவேணிக்கு வயிறு எரிஞ்சுது. வீட்டுல அவ புருஷன் பலராமன், இடுப்பு ஒடஞ்சி, சேத்து வச்சது மடங்காமலே போயி, வருஷக்கணக்கா கட்டில்ல மல்லாக்கக் கெடக்கறாரு. உக்காரவே முடியாது. ஆட்டோல ஏத்த முடியாது. ஆம்புலன்ஸ கூப்புடலாம்னா, "அதுல போனா தெருவே வந்து எட்டிப் பாக்குதுடி, இருக்கறனா போய்ட்டனான்னு" அப்பிடின்னுவாரு. அந்தக் காலத்துல மில்லு வேல முடிஞ்சா வீட்டுக்கு வராம நேரா பீச்சுக்குப் போன மனுஷன். கடலக் கண்ணால பாத்தே எத்தினி வருஷமாச்சு!

"முன்சீட்டு நல்லா சாயற வண்டியா பாருங்க மாப்ள, அவர எப்பிடியாவது வெளிய அழச்சினு போவலாம்"னு கெஞ்சாத கொறையாச் சொல்லிப் பாத்தா. "பாக்கலாம் அத்தை"ன்னதோட சரி.

"கடைசில மனுஷன விட பைப்பு ஒசத்தியாப் போச்சு பாய்!"

பாய் பதில் சொல்றதுக்குள்ள செம்மல் கத்தனாரு. "பாய், இந்த வண்டி!"

ஒரு மூலையில கெடந்துது. மத்த காரு மாதிரிதான், ஆனா பின்பக்கம் மட்டும் கூரையோட சேத்து இழுத்து நீட்டி விட்டாப்ல.

"ஸ்டேஷன் வேகன் தம்பி. பிரெஞ்சு மிலிட்டரி பென்ஷன் வாங்குற பட்டாளத்துக்காரரு, சொல்தாம்பாங்களே, அப்பிடி ஒருத்தர் வச்சிருந்தாரு. மூணு நாய், ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி மாதிரி. அதுல ஒண்ணு செத்ததுக்கு அவரு அழுத அழுக இருக்கே..."

"நாய் கதைய விடுங்க பாய். பெயிண்ட்டு உரிஞ்சி தொங்குது."

"பெயிண்ட்டு மட்டுந்தாம்மா. இஞ்சினு தங்கம். நீளமா சாவு வண்டி மாதிரி இருக்குன்னு ஒருத்தரும்..." பாய் நாக்கக் கடிச்சிக்கினாரு. "அதான் வெல கம்மி."

செம்மல் எதையும் காதுல வாங்கல. பின்சீட்ட மடக்கி, பைப்ப மெதுவா உள்ள படுக்க வச்சாரு. பக்கத்துலயே குந்திக்கினு, "பாய், வேகத்தட மேல ஓட்டுங்க"ன்னாரு. குலுங்குதா, உருளுதான்னு கையால புடிச்சிப் புடிச்சிப் பாத்தாரு.

"பைப்புக்கு வலிக்கப் போவுதாக்கும்!"ன்னா கமலவேணி.

மறுவாரம் வண்டி வாசல்ல வந்து நின்னுது. செம்மல் நேரா கட்டிலாண்ட போனாரு.

"மாமா, ஒரு ஒத்தாச. டெலஸ்கோப்பு முடிய நாளாவும். அதுவரைக்கும் பின்னாடி காலியா ஓட்டனா தூக்கித் தூக்கிப் போடுது. வெயிட்டு வேணும். நீங்க சும்மா படுத்துனு வந்தீங்கன்னா, பீச்சு வரைக்கும் ஓட்டிப் பாத்துடுவேன்."

கமலவேணி புருஷன் மூஞ்சப் பாத்தா. தனக்குன்னு ஒரு தைலம் வாங்கனாலே "எதுக்குடி தண்டச் செலவு"ன்னு கத்தற மனுஷன். மணல் மூட்டைக்குப் பதிலா வான்னு கூப்புட்டா என்னா சொல்லப் போறாரோ!

"வெயிட்டுக்குன்னா சரி மாப்ள. வரேன்."

செம்மல் வண்டியத் தெறக்க வெளிய ஓடனாரு. கமலவேணி கட்டிலாண்ட குனிஞ்சா.

"உங்களுக்கு என்னா ஆச்சு? பைப்புக்குன்னு வண்டி வாங்கினு வந்து நிக்கறாரு, நீங்க வேற..."

"கத்தாதடி." பலராமன் கொரல எறக்கினாரு. "வண்டி பாக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு மத்தியானம், நான் தூங்கறேன்னு நெனச்சி, பைப்பக் கொண்டாந்து பக்கத்துல வச்சாரு. உச்சந்தலையிலேந்து உள்ளங்கால் வரைக்கும் பாத்து, பென்சில்ல ஒரு கோடு போட்டுனு போனாரு. அந்தக் கோட்டுல அறுத்ததுதான் அது. டெலஸ்கோப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குன்னு சொன்னா நான் வேணாம்பேன். உன்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்."

"அய்யோ... அப்ப நீங்க முழிச்சினா இருந்தீங்க?"

"முழிச்சிடுவனோன்னு திரும்பித் திரும்பி என் மூஞ்சயே பாத்தாருடி. பாவம், பயப்படாம அளக்கட்டும்னு கொறட்டைய இன்னும் கொஞ்சம் சத்தமா விட்டேன்."

கமலவேணி வாசலப் பாத்தா, கட்டிலப் பாத்தா, மறுபடி வாசலப் பாத்தா. முந்தானையால மூஞ்சத் தொடச்சினு, வெளிய நிக்கற மாப்ளைக்கு நல்லா கேக்கற மாதிரி ஒரு சத்தம் போட்டா:

"அடியே செல்வி! வண்டிக்கு வெயிட்டு பத்தாதாம்டி! உங்கப்பா தலகாணியையும் சேத்து எடுத்துனு வா!"