கேட்டில் வந்த குண்டு

வாட்ச்மேன் வாக்கி டாக்கியில் கிசுகிசுத்த தெலுங்கில் அஸ்வினிக்குப் புரிந்தவை மூன்றே சொற்கள்: கேட், பேக், குண்டு.

ஹைதராபாத்தில் குண்டுவெடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வகுப்புக்கு ஓடினாள்.

"சார், கேட்டுல பாம்! வாட்ச்மேன் வாக்கி டாக்கில சொல்றான்!"

அலாரம் அலறியது. கதவுகளைப் பூட்டி, விளக்கை அணைத்து, எல்லோரையும் பெஞ்சுக்கடியில் உட்கார வைத்தார்கள்.

"பாம்னா சொன்னான்?" என்றாள் பத்மஜா. ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரிலேயே வளர்ந்த தமிழ்ப்பெண்.

"என் காதால கேட்டேன்டி."

ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தாள் அஸ்வினி. கீழே போலீஸ் வளையத்துக்குள் கைகளைத் தூக்கியபடி ஒருவன்.

"மொட்டைத் தலை, மீசையும் இல்ல. அடையாளம் தெரியக் கூடாதுன்னே வழிச்சிருக்கான். முழியைப் பாரு, திருட்டு முழி!"

"மொட்டையா?" பத்மஜா நிமிர்ந்தாள். "வாட்ச்மேன் என்ன வார்த்தை சொன்னான்?"

"குண்டு."

"அடிப்பாவி! தெலுங்குல குண்டுன்னா மொட்டைடி!"

கீழே போலீஸ்காரர் பையைக் கவிழ்க்க, லட்டுகள் உருண்டோடின. மொட்டை அண்ணாந்து பார்த்துக் கத்தியது.

"அஸ்வினி! நான்தாம்மா, உன் அப்பா! உனக்குக் கேம்பஸ்ல வேலை கிடைச்சதுக்குத் திருப்பதியில முடி குடுத்துட்டு நேரா வரேம்மா. என்னைப் போய் பாம்னு எந்தக் கழுதை கத்துச்சுன்னு கொஞ்சம் விசாரி!"