பழகின குதிரை

“கடிக்குமோ?”

டொக்டர் இராசநாயகம் கேட்டது குதிரையைப் பற்றி அல்ல. பத்மாவதியின் மகளைப் பற்றி.

“இல்லை டொக்டர். ஆரும் தொட்டால் கத்துவாள், அவ்வளவுதான்” என்றாள் பத்மாவதி.

ஏழு வயதுச் சிவகாமி தாயின் சேலைத் தலைப்பை வாயில் கவ்வியபடி, எதிரே நின்ற மட்டக்குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு வராத பிள்ளை. சுன்னாகத்தில் அவளுக்காகப் பார்க்காத சாத்திரமில்லை, கட்டாத நூலில்லை. ஊர்ச்சனம் ‘விசர்’ என்றது. லண்டனில் படித்துவிட்டு வந்த டொக்டர் ‘ஓட்டிசம்’ என்றார். பத்மாவதிக்கு அந்தச் சொல் கொஞ்சம் மரியாதையாகப் பட்டது.

“குதிரைக்கு மேலை வைச்சுக் கைகாலுக்கு வேலை குடுத்தால், பிள்ளை தானாத் தெளியும். லண்டனிலை இதுக்கெண்டே பழக்கின குதிரையள் நிக்குது” என்ற டொக்டர், குதிரைக்காரன் பக்கம் திரும்பினார். “இதுவும் பழகின குதிரைதானே காணும்?”

“ஓம் ஐயா. பூனைக்குட்டி மாதிரி” என்றான் சந்தியோகு. நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் ஏற்றி, இந்த வேலணைத் தரவை வெளிக்குக் குதிரையைக் கொண்டுவந்தவன் அவன்தான். கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நன்றாகத் தள்ளியே நின்றான்.

டொக்டர் லண்டனைப் பற்றி விளக்கத் தொடங்கினார். அதற்குள் சிவகாமி சேலைத் தலைப்பை விட்டுவிட்டுப் போய்க் குதிரையின் வயிற்றில் நெற்றியை வைத்தாள். குதிரையின் தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

“மாதாவே!” என்று சந்தியோகு முணுமுணுத்தது பத்மாவதிக்கு மட்டும் கேட்டது.

அதன்பின் கிழமைக்கு ஒருநாள் தாயும் மகளும் இரண்டு பஸ் மாறி வேலணைக்கு வந்தார்கள். டொக்டர் செய்வித்து வைத்திருந்த மரப்படியில் சிவகாமி தானாகவே ஏறிக் குதிரையில் இருப்பாள். டொக்டர் நீல வளையத்தை நீட்டி, “தடியிலை கொழுவு” என்பார். அவள் வளையத்தைப் பார்க்கவே மாட்டாள். குதிரையின் கழுத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துவிடுவாள்.

“போன முறை வந்த குதிரைக்கு நெத்தியிலை வெள்ளை இருந்தது. இது வேறையெல்லோ?” என்று ஒருநாள் பத்மாவதி கேட்டாள்.

“ஆர் குதிரையைப் பார்த்தது? முறைதான் முக்கியம், அம்மா” என்றார் டொக்டர்.

“டொக்டர், இப்ப பஸ்ஸிலை போகேக்கை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாள். முந்தி நான் தொட்டாலே கத்துவாள்...”

“அது எங்கடை கணக்கிலை வராது.”

ஊருக்கு மேலே ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றத் தொடங்கியிருந்த காலம் அது. ஒருநாள் சிவகாமி குதிரையில் இருக்கும்போதே கடல் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது. தரவையோரக் கொட்டிலுக்குள் குறிப்பெழுதிக்கொண்டிருந்த டொக்டர் மேசைக்குக் கீழே போனார். சந்தியோகு கயிற்றை விட்டுவிட்டுப் பனையோடு ஒட்டிக்கொண்டான். “ஐயோ, என்ரை பிள்ளை!” என்று பத்மாவதி கொட்டிலை விட்டு வெளியில் ஓடினாள்.

குதிரை முன்கால்களைத் தூக்கப் பார்த்தது. சிவகாமி அதன் கழுத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள். தலைக்கு மேலே ஹெலி கடந்து போகும்வரை குதிரை நடுங்கியபடி நின்ற இடத்திலேயே நின்றது.

டொக்டர் வெளியே வந்து கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். “சிவகாமி!” என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

“பாத்தீங்களோ? ஹெலி வந்தும் பிள்ளையிட்டை ஒரு அசைவில்லை. நான் அடுத்த மாதம் கொழும்பிலை இதைப்பற்றிப் பேச வேணும். வேறை பிள்ளையைப் பாக்கிறன். இவவை இனிக் கூட்டிக்கொண்டு வரத் தேவையில்லை.”

பத்மாவதி மகளை இறக்குவதற்குக் கையை நீட்டினாள்.

“ஐயா, அப்பிடிச் சொல்லாதேங்கோ!” சந்தியோகு பனையடியிலிருந்து ஓடிவந்தான். “இந்தப் பிள்ளை வரத்தான் வேணும்.”

“பிள்ளைக்கு ஒரு முன்னேற்றமும் இல்லை. உமக்கென்ன கவலை?”

சந்தியோகு தலையைச் சொறிந்தான். “பழகின குதிரை எண்டு நான் சொன்னது பொய் ஐயா. முதல் நாள் வேறை ஒண்டும் அம்பிடேல்லை, பயந்து பயந்துதான் கொண்டந்தனான். அது என்ரை கையைக் கடிச்ச குதிரை. பிறகு வந்தது என்ரை மச்சானை உதைச்சு விழுத்தினது. இப்ப ரெண்டும் சாதுவா வண்டில் இழுக்குது.”

டொக்டரின் முகம் சிவந்தது. “முரட்டுக் குதிரையளோ? அதுகளைத் தேடித் தேடி ஏன் காணும் இஞ்சை கொண்டந்தனீர்?”

“பிள்ளையிட்டைக் காட்டத்தான், ஐயா.”