நான்காவது நாற்காலி

“வீரம்மாளா? நமக்கா?”

டெல்பின் கேட்டதும் அறையில் இருந்த பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் சிரித்தார்கள். பதினெட்டாவது ஆள் வீரம்மாள்.

அமீரகத்தில் ஒரு சின்ன ஊர். 2006. லேடீஸ் சலூன்களில் வேலை பார்க்கும் பெண்கள், வெள்ளிக்கிழமை லீவில் இன்பமணியின் ரூமில் கூடியிருந்தார்கள்.

அந்த வருஷத்திலிருந்து சலூனில் வேலை செய்ய லைசென்ஸ் வேண்டும் என்றாகிவிட்டது. பரீட்சை வைக்கும் குழுவில் மூன்று பேர். ஒரு டாக்டர், ஒரு இன்ஜினீயர், ஒரு சென்ட் வியாபாரி. அடுத்தவர் தலையில் சீப்பு வைத்தவர் ஒருவரும் இல்லை. கேள்வி முழுக்க அரபியில். கேள்வி புரியாமல் முழித்தால் பெயில். பெயிலானால் கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி, விசாவை கேன்சல் செய்துவிடுவார். பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் போட்ட ஆபிதாவே போன மாதம் அழுதுகொண்டு விமானம் ஏறினாள்.

‘குழுவில் எங்களில் ஒருத்தியும் இருக்க வேண்டும்’ என்று இன்பமணிதான் மனு எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, நகராட்சியில் கொடுத்தாள்.

மூன்றே வாரத்தில் கடிதம் வந்துவிட்டது. நான்காவதாக ஒரு நாற்காலி உண்டு. நன்றாக அரபி பேசத் தெரிந்த ஒருத்தியின் பெயரை எல்லோரும் ஒருமனதாக எழுதிக் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமைக்குள்.

“எனக்கு அரபி வரும். நான் வேணா போகட்டுமா?” என்று வீரம்மாள் கேட்டதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

வீரம்மாள் ஏழு வருஷம் அரபி வீட்டில் வேலை பார்த்தவள். இப்போது சலூனில் பெடிக்யூர். வருகிறவர்களின் காலடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

“காலைத் தேய்க்கிறவ கமிட்டியில உக்காந்தா நம்ம மரியாதை என்ன ஆகுறது?” என்றாள் டெல்பின்.

“இவ மட்டும் மொத தடவையே பாஸாம். எப்படின்னு யாராச்சும் கேட்டீங்களா?” என்றாள் சந்தியா.

வீரம்மாள் டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கிச்சனுக்குப் போனாள்.

இன்பமணி குரலைத் தாழ்த்தினாள். “இன்னொண்ணும் இருக்கு. ஊர்ல அவ அப்பா வீடு வீடாப் போய் முடி வெட்டுறவரு. நாம டிப்ளமோ படிச்சுட்டு வந்திருக்கோம். இவள அனுப்பினா நம்மளையும் அந்த ஆளுங்கன்னுல்ல நினைப்பாங்க?”

முந்தின நாள் ஒன்பது பேருக்கு முடி வெட்டிய கை இன்பமணியுடையது. அது யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

சரி, வேறு யார்? இரண்டு மணி நேரம் சண்டை. நாகர்கோவில்காரி வேண்டாம் என்றாள் மதுரைக்காரி. மதுரைக்காரிக்கு வாய் ஜாஸ்தி என்றாள் திருச்சிக்காரி. ஒரு பெயரும் தேறவில்லை.

“நாம பேரு குடுக்கலன்னா இவ நேரா போய் அந்த இடத்த வாங்கிக்கிட்டு வந்துடுவாக்கா” என்றாள் டெல்பின்.

அதற்கும் சேர்த்தே இன்பமணி எழுதினாள்: ‘எங்களுக்கு இன்னும் அவகாசம் வேண்டும். வீரம்மாள் என்பவரை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்க மாட்டோம்.’

பதினேழு கையெழுத்து.

இரண்டு வாரம் கழித்து டெல்பினுக்குப் பரீட்சை. கல்யாணப் பெண்ணுக்கு இருபது நிமிஷத்தில் கொண்டை போடுகிறவள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன பிள்ளே கேட்டாங்க?” என்றாள் இன்பமணி.

“தெரியலக்கா. சத்தியமா என்ன கேட்டாங்கன்னே தெரியல. ஒரு பொம்மைத் தலையக் குடுத்திருந்தாக்கூட செஞ்சு காட்டியிருப்பேன்.”

கஃபீல் ஒரே வார்த்தைதான் சொன்னார். “கலாஸ்.” எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை விமானம். டெல்பின் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். வீரம்மாள்தான் அவளுடைய துணிகளை மடித்து வைத்து, அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டினாள்.

இன்பமணியால் தாங்க முடியவில்லை. நகராட்சிக்கு ஓடினாள். அங்கே டைப்பிஸ்ட் காதர் மைதீன், கீழக்கரைக்காரர்.

“பாய், அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தடவ பரீட்சை வைக்கச் சொல்லுங்க. நாலாவது இடத்துக்கு நாங்க எப்படியாச்சும் ஒருத்தியப் பேசி அனுப்புறோம்.”

“அந்த இடம் போயிடுச்சு தங்கச்சி. சென்ட் வியாபாரியோட மச்சானுக்குக் குடுத்துட்டாங்க. மூணு வருஷத்துக்கு அவருதான்.”

“அதெப்படி? எங்க மனுவாலதானே அந்த இடமே வந்துச்சு?”

காதர் மைதீன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்து வைத்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

“உங்க மனுவ இன்னும் யாரும் பிரிக்கவே இல்லம்மா.”

இன்பமணி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்ப... அந்த இடம்?”

“பரீட்சைக்கு வந்த வீரம்மாள், கேட்டதுக்கெல்லாம் அரபியிலயே பதில் சொல்லிட்டு, ‘கேள்வி புரியாத பிள்ளைங்களத் தொழில் தெரியாதவங்கன்னு ஊருக்கு அனுப்புறீங்களே, நியாயமா?’ன்னு கேட்டுச்சு. முதீர், அதான் எங்க பெரிய ஆபீசர், அசந்து போய், ‘அப்ப நீயே வந்து நாலாவதா உக்காரு’ன்னுட்டாரு.”

“வீரம்மாளக்கா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!”

“எப்படிச் சொல்லும்? அது முதீர்கிட்ட சொன்னது இதுதான்: ‘நீங்க கூப்பிட்டு நான் உக்காந்தா உங்க ஆளாயிடுவேன் சார். எங்க பிள்ளைங்க மனசார என்னை அனுப்பினாத்தான் நான் அவங்க ஆளு. எதுக்கும் அவங்களக் கேட்டு ஒரு கடிதம் போடுங்க.’”