இரண்டாவது டிஸ்க்

கதாநாயகியின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. முகம் கட்டம் கட்டமாக உடைந்தது, பாட்டு ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு தட்டியது. சிகாபுதீன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, எதிரே நின்ற இருளாயியைப் பார்த்தார்.

மட்டாஞ்சேரியில் அந்தப் பக்கத்துக்கே தமிழ்ப் படம் வாடகைக்குக் கிடைக்கும் வி.சி.டி. கடை அவருடையது ஒன்றுதான். திரும்பி வரும் டிஸ்கைக் கடைப் பிளேயரில் ஓட்டிப் பார்த்த பிறகே அலமாரியில் வைப்பார். இந்தப் படத்துக்கு இரண்டு டிஸ்க். முதலாவது ஒழுங்காக ஓடியது; இரண்டாவதுதான் கடைசிக் கால் மணி நேரத்தில் சிக்கியது.

“இது ஒரிஜினலாக்கும். உனக்கு முன்னாடி எடுத்தது நம்ம டீச்சர். டீச்சர் கொண்டுவந்து கொடுத்தா நான் போட்டுக்கூடப் பாக்க மாட்டேன். அப்போ கெடுத்தது யாரு?”

நம்ம டீச்சர் என்று அவர் கைகாட்டிய திரிபுரசுந்தரி வாசலோரம் நின்றிருந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல, கத்தவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அவள் வீட்டுக்காரர் அனந்தநாராயணன் சமீபத்தில்தான் டிஸ்க் எழுதும் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். வாடகைக்கு வரும் படத்தையெல்லாம் வீட்டிலேயே வெற்று டிஸ்கில் நகல் எழுதி வைப்பார். திருட்டு என்றால் கோபம் வரும். ‘பேக்கப்’ என்று சொல்ல வேண்டும்.

எழுதியதெல்லாம் நாலே நாளில் சிக்க ஆரம்பித்ததும் மனிதருக்குப் புது யோசனை உதித்தது. டிஸ்கின் மேல் இருக்கும் படத்தை அப்படியே அச்செடுத்து ஒட்டி, எழுதியதைக் கடைக்குக் கொடுத்துவிட்டு ஒரிஜினலை வீட்டில் வைத்துக்கொண்டார். முதல் தடவையாக இந்தப் படத்தில்தான் அப்படிச் செய்தார். வெள்ளிக்கிழமை அதைக் கடையில் கொடுத்தவள் திரிபுரசுந்தரி. அன்று மாலையே அதை எடுத்துப்போனவள் இருளாயி.

இருளாயிக்கு நகரசபையில் துப்புரவு வேலை. குழாயடியில் அவள் வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். இன்று தலையைக் குனிந்தபடி நின்றாள். மெம்பர் கார்டைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டினாள். அவர் அதை இரண்டாகக் கிழித்து, இனி இந்தப் படி ஏறாதே என்றபோதும் அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

ஏழை என்றால் வாயடைத்துப் போகும் என்று திரிபுரசுந்தரி நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் நிதானமாகச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, யாருக்கும் தெரியாது, நீயாகப் போய் மானத்தை வாங்காதே என்றார். கார்டு போனால் இன்னொரு கார்டு போடட்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாடமே ஓடவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதிய ஒரு பிள்ளையைக் கண்டிக்க வாய் வராமல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மணி அடித்ததும் நேரே சிகாபுதீன் கடைக்குப் போனாள். உள்ளே ஆட்கள் நின்றிருந்தார்கள். ‘வாங்க டீச்சர்’ என்று அவர் எழுந்து நின்ற மரியாதையைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இருளாயியின் வீட்டுக்கு நடந்தாள். கைப்பைக்குள் ஒரிஜினல் டிஸ்க் இரண்டும் இருந்தன.

இருளாயி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் பதறி எழுந்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தோப்பும்படியில் ஸ்டிக்கர் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஷாஜி இன்னும் வரவில்லை, வந்ததும் பால் வாங்கச் சொல்லிச் சாயா போடுகிறேன் என்றாள்.

“சாயா வேண்டாம். நான் சொல்றதைக் கேளு.” திரிபுரசுந்தரி கைப்பையைத் திறந்து டிஸ்க் இரண்டையும் காட்டினாள். “நேத்துக் கடையில சிக்கின டிஸ்க் எங்காத்துல எழுதினது. ஒரிஜினலை எடுத்து வச்சுண்டு அதைக் கொடுத்துட்டோம். நீ செய்யாத தப்புக்கு உன்னை அத்தனை பேர் முன்னாடி நிக்க வச்சுட்டேன்.”

இருளாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்து வந்தவளுக்கு அந்தப் பார்வை இன்னும் கஷ்டமாக இருந்தது.

“கிளம்பு, கடைக்குப் போலாம். சிகாபுதீன்கிட்ட நானே சொல்றேன். பேர் கெட்டா எனக்குக் கெடட்டும், உன் கார்டை நான் வாங்கித் தரேன்.”

“கடைக்கெல்லாம் வேண்டா டீச்சரே. போனது போகட்டும்.”

“அதெப்படிப் போகும்? எனக்குச் சோறு இறங்கலை இருளாயி. நீ வரலைன்னா நான் தனியாப் போய்ச் சொல்றேன்.”

திரிபுரசுந்தரி எழுந்து படியிறங்கினாள். இருளாயி மீன் நாற்றத்தோடு அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தினாள்.

“கடையில சிக்கினது உங்களோடது இல்ல டீச்சரே, ஷாஜி தன் கடைக் கம்ப்யூட்டர்ல எழுதி ஸ்டிக்கர் ஒட்டினது. அதைக் கொடுத்துட்டு, ஒரிஜினல்னு நெனச்சு உங்களோடத நாங்க எடுத்து வச்சிருக்கோம்.”

திரிபுரசுந்தரி அப்படியே கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். இருளாயி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“அது சிக்காம ஓடுது.”