பகல் தூக்கம்

நைட் ஷிப்டில் கிரேன் ஓட்டுகிற எல்லோருக்கும் கம்பெனி ஒரு கறுப்பு வாட்ச் கொடுத்திருந்தது. பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். ஆறுக்குக் குறைந்தால் அன்றைக்குக் கிரேனில் ஏற விடமாட்டார்கள், மூன்று தடவை குறைந்தால் வேலையே கிடையாது. அருள்தாஸுக்கு இரண்டு தடவை ஆகிவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, உச்சி வெயிலில், எவனுக்குத் தூக்கம் வரும்? நாலு வயது மகள் ஜெனிக்குக் காய்ச்சலும் இருமலும் வந்த அன்றுதான் அந்த யோசனை வந்தது. இருமல் மருந்து குடித்துத் தூங்கிய பிள்ளையின் கையில் வாட்சைக் கட்டினான். ஏழு மணி நேரம் காட்டியது.

மறுநாளே இரண்டும் விட்டுவிட்டன.

“எனக்குத்தான் இருமலே இல்லையேப்பா.”

“ஒரே ஒரு மூடிடா தங்கம். அப்பாவுக்கு வேலை போயிரும்ல?”

நாலாவது நாள் ஒரு மூடி போதவில்லை, பிள்ளை கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டே இருந்தாள். மூன்று மூடி கொடுத்தான். சாயங்காலம் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தபோது, எழுந்துவிடுவாளோ என்று பயந்து பயந்து வாட்சைக் கழற்றினான். அவள் அசையவே இல்லை. அவன் மனைவி ஸ்டெல்லா, கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. “ஜெனி,” என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தான். மறுபடியும் ஹாரன். கதவைச் சாத்திக்கொண்டு ஓடினான்.

கேட்டில் சூப்பர்வைசர் அவன் கையைப் பிடித்து வாட்சைப் பார்த்தார்.

“பத்து மணி நேரமா! குடுத்து வச்சவன்யா நீ. ஏறு, ஏறு.”